ஏட்டில் வாழும் காதலன்

1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னின் நாயகன் வந்தியத்தேவனிடம் மனத்தைப் பறிகொடுத்த பெண்கள் பலர். வரலாற்றிலும் அவனுக்கு இடமுண்டு. எனினும் அவர்கள் நேசித்தது கல்கியின் எழுத்தும் மணியத்தின் தூரிகையும் படைத்தவனையே. நம் நன்னிமார் வியந்த அவன், 2022-இல் திரையில் தோன்றிப் பேத்திமாரையும் கவர்ந்தான். அவனுக்கு மட்டும் மூப்பில்லை!

இது குற்றமா? சொல்லாகவோ செயலாகவோ மாறாத உள்ளத்து எண்ணங்களை இறைவன் பொறுத்தருள்கிறான் என்பது பெருமானார் (ஸல்) அவர்கள் அருளிய நற்செய்தி. ஆதலின், கதை படிக்கும் பெண்ணைக் கடிவாரோடு நமக்கு உடன்பாடில்லை. சிவகாசி நாட்காட்டி அழகியரைச் சுவரில் மாட்டிய ஆடவர் இதில் தீர்ப்புக் கூற வருவது வேடிக்கை.

நாம் அஞ்சுவது வேறொன்றை. பட்டாசு ஆலையிலிருந்து, அலுமினியத் தூள் படிந்த கைகளோடு அந்தியில் திரும்பும் கணவனைக் குதிரையேறி வரும் வாணர்குல வீரனோடு ஒப்பிடுவது நீதியாகுமா? மழை பெய்தால் வேலை நின்றுவிடுமே என்னும் கவலை வீரனுக்கில்லை. அவன் அவளிடம் எதையும் கேட்பதில்லை. அவள் காய்ச்சலில் கிடக்கும் இரவில் கஞ்சி காய்ச்சித் தருவதுமில்லை.

ஆயினும், அவளை ஈர்த்தது அவனது நகைச்சுவைப் பேச்சு என்றால், தன் வீட்டில் அப்பேச்சு ஏன் அற்றுப்போயிற்று என்று கணவனும் எண்ணிப் பார்க்கட்டும். ஆலை விடுமுறை நாளில் அவளருகே அமர்ந்து அவனும் அக்கதையைப் படிக்கலாம். 5 பாகங்கள், அவசரமில்லை.