செவியடைப்பும் புலனடக்கமும்

இரைச்சல் நீக்கும் கம்பியில்லா ஹெட்போன், வெளியொலியை மைக் வழியே உள்வாங்கி, அதன் முகட்டுக்குப் பள்ளமாக அமையும் எதிரலையை எழுப்பி இரண்டையும் ஒன்றையொன்று அழிக்கச் செய்வதால், அது தரும் அமைதி ஒலியின்மை அன்று, ஒலியால் ஒலியை அடக்குவதே ஆகும். ஜெர்மானியரான பால் லூயெக் 1936-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற இக்கருத்து, விமான எஞ்சினின் சீரான உறுமலை அடக்குவதில் சிறக்கிறது. திடீரென எழும் குழந்தையின் அழுகுரலோ பெரும்பாலும் தப்பி வந்துவிடுகிறது. காதுக்குள் உணரப்படும் அழுத்தமும் சார்ஜ் தீரும் கவலையும் சிறு குறைகளே. பதஞ்சலியின் யோகசூத்திரம் கூறும் பிரத்தியாகாரம், அதாவது புலன்கள் தம் பொருள்களைப் பற்றாது மனத்தைப் பின்தொடர்ந்து உள்ளடங்குதல், இக்கருவியைப் போலப் புலனை அடைத்து வைப்பதன்று. இரைச்சலால் நலிந்தவருக்கு இக்கருவி தரும் ஆறுதல் மெய்யானது, அதை இகழ்வது கொடுமை. ஆயினும் வெளியிரைச்சல் ஓய்ந்ததும் எண்ணங்களின் ஓயாப் பேச்சு உரத்துக் கேட்கத் தொடங்குகிறது, பலர் உடனே பாட்டை ஒலிக்கவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம் எனலாம்.