யார் மன்னிக்க முடியும்?



"நடந்தது நடந்து போச்சு, மன்னிச்சு விட்டிருங்க" என்று காயப்பட்டவர்களிடம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! அப்படிச் சொல்ல நமக்கு அதிகாரம் உண்டா? இந்தக் கேள்வி என்னை வெகு நாளாக விடவில்லை.

எரிக் லோமாக்ஸ் என்று ஒருவர். ஸ்காட்லாந்துக்காரர். சிறுவயசிலிருந்தே ரயில் என்றால் அவருக்கு உயிர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியரிடம் சிறைப்பட்டார். ரயிலை நேசித்த அந்த மனுஷனை சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்கே கொண்டுபோனார்கள். 1943ல், கைதிகள் ஒளித்து வைத்திருந்த ரேடியோவும், அவர் வரைந்த பாதையின் படமும் அகப்பட்டன. கைகள் முறிய அடித்தார்கள். வாயிலும் மூக்கிலும் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். பக்கத்தில் நின்று விசாரணையை மொழிபெயர்த்தவர் நாகாசே தகாஷி.

1993ல், தாய்லாந்தின் காஞ்சனபுரியில் குவாய் நதிப் பாலத்தருகே இருவரும் சந்தித்தார்கள். நாகாசே நடுங்கி, அழுது, மன்னிப்புக் கேட்டார். பிறகு லோமாக்ஸ் ஜப்பானுக்கே போய், மன்னித்தேன் என்று கைப்பட எழுதிக் கொடுத்தார். இதற்கு 50 வருஷம் ஆயிற்று! குற்றம் செய்தவர் உண்மையை ஒத்துக்கொண்டார், காயம்பட்டவரே மன்னித்தார்.

ஆனால் அந்த 415 கிலோமீட்டர் பாதையில் நம்ம ஜனங்களும் இருந்தார்கள். மதுரை, ராமநாதபுரம், திருச்சி, தஞ்சாவூர்ச் சீமைகளிலிருந்து மலாயா ரப்பர் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போனவர்கள். நல்ல கூலி என்று ஆசைகாட்டியும், பலவந்தமாகவும் பல்லாயிரம் தமிழரை அங்கே கொண்டுபோனார்கள். காலராவும் பட்டினியும் வாரிக்கொண்டு போயிற்று. வெள்ளைக்காரக் கைதிகளில் 12,000 பேருக்கு மேல் மரித்தார்கள். ஆசியத் தொழிலாளரிலோ 80,000 முதல் 1,00,000 பேர் வரை என்று கணக்கிடுகிறார்கள். காஞ்சனபுரி யுத்தக் கல்லறைத் தோட்டத்தில் சுமார் 7,000 கைதிகளுக்கு இடமுண்டு. நம்மவர்களில் அநேகருக்குப் பெயர் எழுதின கல் ஒன்றுகூட இல்லை.

இவர்களுக்காக நான் மன்னிக்கலாமா? முடியாது என்றே நினைக்கிறேன். அண்ணன்மாரை மன்னித்தது, விற்கப்பட்ட யோசேப்புதான்; அவனுக்குப் பதிலாக வேறு யாரும் மன்னிக்கவில்லை. மன்னிப்பு காயம்பட்டவன் கையிலுள்ள சொத்து. அடுத்தவன் சொத்தை எடுத்து நான் தானம் பண்ணக்கூடாது.

அப்படியானால் பகையை வளர்ப்பதா? அதுவும் இல்லை. இன்றைய ஜப்பானியப் பிள்ளை எனக்கு ஒரு கடனும் படவில்லை. ஆனால் மறந்துபோவதை மன்னிப்பு என்று பேர் மாற்றிச் சொல்லாதிருப்போம். ஆபேலின் இரத்தத்தைத் தேவன் கேட்டாரே!

பிரியமானவர்களே, உங்க வீட்டுப் பெரியவங்களிடம் கேளுங்கள். மலாயா போய்த் திரும்பாத தாத்தாவோ, சின்னத்தாத்தாவோ இருந்தால், குடும்ப வேதாகமத்தின் முன்பக்கத்தில் அவர் பெயரை எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டில் காயப்பட்டவர் இருந்தால், "மன்னிச்சிருங்க" என்று சொல்லுமுன்னே, "என்ன நடந்துச்சு?" என்று கேட்டு, முழுசும் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருங்கள்.