காய்ச்சலோடு கிளினிக்குக்குப் போகலாமா?



நாளை கிளினிக் நாள். கொப்பியில் திகதி எழுதப்பட்டிருக்கிறது. குளிசைச் சரையில் மிஞ்சியிருப்பது இன்னும் ஒரு நாளைக்கே காணும். விடியப்புறம் முதல் பஸ்ஸைப் பிடித்தாற்றான் முன் இலக்கம் கிடைக்கும். ஆனால், இன்று பின்னேரம் முதல் உடம்பு அனலாய்க் காய்கிறது, தொண்டை நோகிறது, இருமல் விடாமல் வருகிறது. அடுப்பில் கொத்தமல்லி அவிகிறது.

"அம்மா, இந்த உடம்போடை எப்படிப் போகப் போறியள்? நாளைக்கு விடுங்கோ" என்கிறாள் மகள்.

"விட்டால் மருந்துக்கு எங்கை பிள்ளை போறது? ஒரு பனடோலைப் போட்டிட்டு, போட்டு வாறன்" என்கிறாள் தாய்.

இந்தப் பேச்சு நடைபெறாத வீடு நம்மிடையே அரிது. இதை நாம் வசதியைப் பற்றிய சிறு பிரச்சினையாகவே எண்ணுகிறோம். போக முடியுமா, முடியாதா என்பதோடு யோசனை முடிந்துவிடுகிறது. போவது சரியா என்று நாம் கேட்பதில்லை. உண்மையில் இது மனச்சாட்சி பதில் சொல்லவேண்டிய ஒரு கேள்வியாகும். ஏனெனில் இதிலே இரண்டு கடமைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன: என் உடலுக்கு நான் செய்யவேண்டிய கடமை ஒன்று, என் அருகில் இருப்பவனுக்கு நான் செய்யவேண்டிய கடமை மற்றொன்று.

முதலாவது கடமை

நமது உயிர் நாம் உழைத்துச் சம்பாதித்த சொத்தல்ல, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆகவே அதைப் பேணுவது நமது விருப்பத்தைப் பொறுத்த காரியமன்று. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மயக்கமருந்து வைத்தியர்களுக்கு ஆற்றிய உரையில் இதனைத் தெளிவுபடுத்தினார். கடும் நோயின்போது உயிரையும் சுகத்தையும் காக்கச் சாதாரண வழிகளைக் கையாள மனிதன் கடமைப்பட்டுள்ளான். தனக்கோ பிறருக்கோ மிதமிஞ்சிய சுமையாகும் அசாதாரண வழிகளுக்கு அவன் கட்டுப்பட்டவன் அல்லன் என்பதே அவர் எடுத்துரைத்த போதனையின் சாரம்.

மாதந்தோறும் கிளினிக்குக்குப் போய்ப் பிரஷரைப் பார்ப்பித்து, சீனி வருத்தத்துக்கு மருந்தெடுப்பது சாதாரண வழியேயாகும். அதை அலட்சியமாக விடுவது தவறு. "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிக் குளிசையை நிறுத்துவது விசுவாசமன்று. சீராக் ஆகமத்தின் 38ஆம் அதிகாரம் வைத்தியரையும் மருந்தையும் மதிக்கும்படி நமக்குப் போதிக்கிறது. எனவே அந்தத் தாய் "போகத்தான் வேணும்" என்று சொல்வதில் நியாயம் உண்டு. அதைப் பிடிவாதம் என்று தள்ளிவிடலாகாது.

பக்கத்து வாங்கில் இருப்பவர்

இங்கே எனது சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். சில வருடங்களுக்கு முன், கடும் இருமலோடு நான் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். வாங்கிலே நெருக்கியடித்து இருந்தோம். என் அருகே ஒரு தகப்பன், தலையில் துணித்தொப்பி போட்ட ஒரு சிறு பிள்ளையை மடியில் வைத்திருந்தார். நான் இரண்டு மூன்று முறை இருமியதும் அவர் எழுந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் வெயிலில் நின்றார். எனக்குக் கோபம் வந்தது. 'என்ன தீண்டாமையா?' என்று மனதுக்குள் பொருமினேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக அவர் வெளியிலேதான் நின்றார். பெயர் கூப்பிட்டபோதுதான் விஷயம் விளங்கியது. அந்தப் பிள்ளை புற்றுநோய்க்கு மருந்தேற்றப்பட்டுக்கொண்டிருந்தது. அந்த மருந்து நோயை அழிப்பதோடு, கிருமிகளை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்களையும் குறைத்துவிடும். எனக்கு ஒரு கிழமைத் தடிமனாய் முடிவது அப்பிள்ளைக்கு உயிராபத்தாய் முடியக்கூடும்.

நான் மருந்து வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். அந்தப் பிள்ளைக்குப் பின்னர் என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கும் துணிவும் அன்று வரவில்லை.

சந்தையிலும் பஸ்ஸிலும் நாம் சந்திப்பவர்கள் பெரும்பாலும் சுகதேகிகள். கிளினிக் வாங்கில் இருப்பவர்களோ ஏற்கெனவே பலவீனப்பட்டவர்கள்: இருதய நோயாளர், சிறுநீரகம் பழுதானவர்கள், கர்ப்பிணிகள், முதியோர். ஒரு சமுதாயத்தின் மிகவும் நலிந்தவர்கள் ஒரே மண்டபத்தில் கூடியிருக்கும் இடம் அது. நல்ல சமாரியன் உவமையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் காணாமலும் போனவர்களை நாம் கண்டிக்கிறோம். அடிபட்டுக் கிடப்பவன் பக்கத்து வாங்கிலேயே இருக்கும்போது அவனை நாம் காண்கிறோமா?

அறியாமையும் பொறுப்பும்

"நான் வேண்டுமென்றா செய்தேன்?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். இங்கே ஒரு பழைய வரலாறு உதவும். 1847ஆம் ஆண்டு வியன்னா நகரத்துப் பெரிய வைத்தியசாலையில் பிரசவித்த தாய்மார் காய்ச்சலினால் இறந்துகொண்டிருந்தார்கள். வைத்திய மாணவர் பணியாற்றிய பகுதியில், அவ்வருடம் ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்கு 18 பேர் வரையில் மாண்டனர். செம்மல்வைஸ் என்ற இளம் வைத்தியர் காரணத்தைக் கண்டார். பிரேத பரிசோதனை செய்த கைகளோடேயே வைத்தியர்கள் பிரசவ அறைக்கு வந்தார்கள். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவும்படி அவர் கட்டளையிட்டார். ஜூன் மாதத்தில் மரணம் நூற்றுக்கு 2 அளவிற்குக் குறைந்தது.

அந்த வைத்தியர்கள் கெட்டவர்களல்லர். குணமாக்க வந்தவர்களே நோயைக் கொண்டுவந்தார்கள். ஆனால், அறியாமற் செய்தார்கள். அறிய வழியில்லாத அறியாமைக்கு மனிதன் குற்றவாளியாவதில்லை என்பது நமது ஒழுக்கவியல் போதனை. உண்மை எடுத்துக் காட்டப்பட்ட பின்பும் கை கழுவ மறுத்தவர்களின் நிலையோ வேறு. அது வெல்லக்கூடிய அறியாமை. அதற்கு மன்னிப்புக் குறைவு.

நாம் எந்த நிலையில் இருக்கிறோம்? 2020ஆம் ஆண்டுக் கொரோனாத் தொற்றின் பின்னர், இருமலும் தும்மலும் என்ன செய்யும் என்பது நமது சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். ஆகவே 'தெரியாது' என்ற சாட்டு இனி நமக்கு இல்லை.

எந்த நோய்? எந்தக் கிளினிக்?

அப்படியானால், காய்ச்சல் வந்தால் எல்லோரும் வீட்டில் கிடக்கவேண்டுமா? இல்லை. இங்கேதான் விவேகம் என்ற புண்ணியம் தேவைப்படுகிறது. தலையாய புண்ணியங்கள் நான்கில் விவேகத்தை முதலாவதாக வைத்தார் புனித தோமஸ் அக்குவினாஸ். பொதுச் சட்டத்தை இந்த மனிதனுக்கு, இந்த நாளில் எவ்வாறு பொருத்துவது என்பதைக் காட்டுவது அதுவே. ஒருவனுக்கு வீட்டில் நிற்கச் சொல்லும் அதே காய்ச்சல், இன்னொருவனை உடனே புறப்படச் சொல்லும்.

பிரஷருக்கோ கொலஸ்ட்ரோலுக்கோ வழக்கமான மாதாந்தக் கிளினிக் என்றால், சாதாரண தடிமன் காய்ச்சல்காரர் சில நாள் பிந்திப் போவதே பெரும்பாலும் நன்று. ஆனால் குளிசை இடையில் நிற்கக்கூடாது. கொப்பியைக் கொடுத்து வீட்டார் ஒருவரை அனுப்புங்கள். நிலைமையைத் தாதியிடம் சொல்லி, மருந்தையும் அடுத்த திகதியையும் கேட்கச் செய்யுங்கள்.

சிறுநீரக நோய்க்கு இரத்தச் சுத்திகரிப்புச் செய்பவர் தாமாக ஒரு முறையைத் தவறவிடலாகாது. முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுப் போகவேண்டும். இன்சுலின் ஊசி போடுபவர், காய்ச்சலில் சாப்பாடு குறைந்தது என்று தாமாகவே ஊசியை நிறுத்தக் கூடாது; காய்ச்சல் நேரத்தில் சீனி ஏறவும் கூடும். அவர் வைத்தியரிடம் அன்றே கேட்கவேண்டும்.

புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டிருப்பவருக்கு 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பாகை பரனைற், காய்ச்சல் காய்ந்தால் கிளினிக் நாளைப் பார்த்திருக்கக் கூடாது. இரவானாலும் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். இரண்டு கிழமைக்கு மேல் இருமுகிறவர் வெட்கப்பட்டு ஒளித்திருக்கலாகாது. வாயை மூடிக்கொண்டு போய்ச் சளியைச் சோதிப்பிக்கவேண்டும். அது காசமாயின், அவர் போகாமல் இருப்பதே பிறருக்கு ஆபத்து.

மாரி காலத்தில் நமது பகுதிகளில் டெங்கும் எலிக்காய்ச்சலும் பரவுவதை மறந்துவிடாதீர்கள். டெங்கிலே காய்ச்சல் இறங்கும் நேரந்தான் ஆபத்தான நேரமாகலாம். வயிற்று நோ, விடாத வாந்தி, இரத்தக் கசிவு, கடும் சோர்வு கண்டால் தாமதிக்க வேண்டாம். கிளினிக்கில் அஸ்பிரின் குளிசை பெறுபவர்கள் அந்தக் காய்ச்சலின்போது அதைத் தொடர்வதா என்று வைத்தியரிடம் கட்டாயம் கேட்கவேண்டும்.

பிள்ளைக்குத் தடுப்பூசி நாள் வந்துவிட்டது, சற்று மூக்கு வடிகிறது என்றால் அதற்காக ஊசியைப் பிற்போடத் தேவையில்லை. கடும் காய்ச்சலென்றால் குடும்பநல மருத்துவமாதுவிடம் கேட்டுத் தீர்மானியுங்கள். சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்தவர் நெஞ்சுச்சளியை மறைத்துக்கொண்டு போவது தன்னையே மோசம் செய்வதாகும். மயக்கமருந்து கொடுக்கும்போது அது ஆபத்தை விளைவிக்கக்கூடும்.

இரண்டு சோதனைகள்

இந்தத் தீர்மானத்தின்போது நம்மை ஏமாற்ற இரண்டு சோதனைகள் காத்திருக்கின்றன.

ஒன்று, மறைப்பது. பனடோலைப் போட்டுக் காய்ச்சலை இறக்கிவிட்டு, சுகதேகிபோல வரிசையில் நிற்பது. கேட்டால் "ஒன்றுமில்லை மிஸ்" என்பது. இதுவும் பொய்தான். போகவேண்டிய அவசியம் இருந்தால் போகலாம், ஆனால் முகமூடி அணிந்து போய், வாசலிலேயே "எனக்குக் காய்ச்சலும் இருமலும் இருக்கிறது, எங்கே இருக்கட்டும்?" என்று கேட்கவேண்டும். அந்த ஒரு வசனத்தால் பலர் காப்பாற்றப்படலாம்.

மற்றது, ஒளிப்பது. பரிசோதனை முடிவு என்ன சொல்லுமோ என்ற பயம். அல்லது, கட்டுப்பாடில்லாமற் சாப்பிட்டதற்கு டொக்டர் ஏசுவாரே என்ற கூச்சம். அந்த நேரத்தில் வரும் சிறு தலையிடி நமக்கு நல்ல சாட்டாகிவிடுகிறது. "பிறருக்குத் தொற்றிவிடும்" என்று பரோபகாரம் பேசிக்கொண்டு நாம் நமது பயத்தை மூடுகிறோம். பிறர்சிநேகத்தின் பெயராலே கோழைத்தனமும் நடமாடும். எனவே உங்களையே கேளுங்கள்: இன்று மருந்தெடுக்கும் நாளாக இல்லாமல், மகளின் கலியாணத்துக்குச் சேலை எடுக்கும் நாளாக இருந்தால், இதே தலையிடியோடு நான் போயிருப்பேனா?

தனி ஒருவரின் சுமையன்று

பழி முழுவதையும் நோயாளியின் தலையில் சுமத்துவதும் நீதியன்று. ஒரு திகதி தவறினால் மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும் என்றால், ஏழை மனிதன் காய்ச்சலோடுதான் வருவான். வெளியே பாமசியில் காசுக்கு மருந்து வாங்க எல்லோராலும் முடியாது. தினக்கூலிக்காரனுக்கு இன்னொரு நாள் என்பது இன்னொரு நாட் சம்பளம்.

2020ஆம் ஆண்டு ஊரடங்கு வேளையில், அரசாங்க வைத்தியசாலைகளின் கிளினிக் நோயாளருக்குரிய மருந்துகள் தபால்மூலம் வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. மனம் வைத்தால் வழியுண்டு என்பதை அது காட்டியது. சுகவீனத்தால் வரமுடியாதவனுக்குத் தண்டனையின்றி மறுதிகதி கொடுப்பதும், இருமுகிறவனுக்குக் காற்றோட்டமான ஒரு புறம்பான வாங்கு போடுவதும் பெருஞ்செலவான காரியங்களல்ல.

அயலாருக்கும் பங்குண்டு. 1697ஆம் ஆண்டு கண்டியிலே வைசூரி பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளரைத் தேடிப் போய்ப் பராமரித்தார் நமது தீவின் அப்போஸ்தலரான புனித யோசவ்வாஸ். அத்தகைய வீரம் நம்மிடம் கேட்கப்படவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சியின் கொப்பியை வாங்கிக்கொண்டு போய் மருந்தெடுத்துக் கொடுத்தால் அதுவே போதும். பிள்ளைகள் வெளிநாட்டில், தனித்திருக்கும் தாய் தகப்பன் எத்தனைபேர் நம் ஒழுங்கைகளில் இருக்கிறார்கள்! அவர்கள் காய்ச்சலோடு பஸ் ஏறுவது, அவர்களுக்காகப் போக ஒருவரும் இல்லாதபடியினால்தான்.

அன்பர்களே, அந்தத் தாயிடமும் மகளிடமும் திரும்புவோம். இருவரும் அன்பினாலேயே பேசினார்கள். இருவரும் பாதி சரி. மகள் இன்னும் ஒரு வசனம் சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்த வீட்டுப் பிரச்சினை தீர்ந்திருக்கும்: "கொப்பியைத் தாங்கோ அம்மா, நான் போட்டு வாறன்."

அந்த வசனத்தைச் சொல்ல நம்மில் எத்தனை பேர் ஆயத்தமாயிருக்கிறோம்? அடுத்த கிளினிக் நாளுக்கு முன் இதைச் சற்றே சிந்திப்போம்.