உடன்செல்வோர் இருவர்

ஜப்பானின் நான்கு பெருந்தீவுகளுள் சிறியதான ஷிகோக்குவைச் சுற்றி, 88 பௌத்தக் கோயில்களை இணைத்துச் செல்லும் ஏறத்தாழ 1200 கிலோமீட்டர் யாத்திரை வழியில், அடியவரின் கூம்புத் தொப்பியிலும் தோள்பையிலும், பெரும்பாலும் அவர் அணியும் வெண்ணிற மேலாடையிலும், ‘தோகியோ நினின்’ என்னும் தொடர் எழுதப்பட்டிருக்கும். ‘உடன்செல்வோர் இருவர்’ என்பது அதன் பொருள். தனியாக நடப்பவரோடு, அந்தத் தீவில் பிறந்தவரும் ஷிங்கோன் என்னும் மந்திர பௌத்த மரபை ஜப்பானில் நிறுவியவருமான கூக்காய் (774–835), கோபோ டைஷி என்ற சிறப்புப் பெயரோடு கண்ணுக்குப் புலப்படாமல் உடன் நடக்கிறார் என்ற நம்பிக்கையே இத்தொடரில் சுருங்கிக் கிடக்கிறது. கையில் ஊன்றும் கோல் அவருடைய உருவாகவே கருதப்படுவதால், இரவில் தங்குமிடம் சேர்ந்தவுடன் தன் கால்களைக் கழுவுவதற்கு முன் கோலின் அடியைக் கழுவுவது அடியவரின் வழக்கம். விரிஞ்சிபுரத்துச் சிவனை வழித்துணைநாதர் என்று வணங்கும் தமிழ் வாசகருக்கு இந்த நம்பிக்கையின் முதற்பாதி புதிதாகத் தோன்றாது; வழித்துணையை எண்ணிட்டு ‘இருவர்’ என்று எழுதி வைத்திருப்பதுதான் புதிது.

கணவனும் மனைவியுமாகப் புறப்படுவோர் விஷயத்தில் இந்த எண் சிக்கலாகிறது. டைஷி இருவருக்கும் பொதுவான ஒருவர் என்றால் செல்வோர் மூவர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உடன்வருகிறார் என்றால் நால்வர். ஆனால் தம்பதியரின் தொப்பிகளிலும், பேருந்தில் கூட்டமாக வந்து இறங்குவோரின் தொப்பிகளிலும் ‘இருவர்’ என்றே எழுதியிருக்கிறது. எத்தனை பேர் சேர்ந்து சென்றாலும் ஒவ்வொருவரும் தம் துணையோடு தனித்தே செல்கின்றனர் என்று மரபு கருதுவதாக இதிலிருந்து கொள்ளலாம். அப்படியானால் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு வரும் மனிதத் துணைக்கு அந்தத் தொடரில் இடம் உண்டா என்ற கேள்வி எழுகிறது. மிதிவண்டியில் செல்லும் தம்பதியரை முன்வைத்துப் பார்க்கும்போது அக்கேள்வி மேலும் கூர்மை அடைகிறது.

மிதிவண்டியோர் இன்று ஷிகோக்குவை அடையும் வழிகளுள் புகழ்பெற்றது, ஹொன்ஷு தீவின் ஓனோமிச்சியிலிருந்து ஷிகோக்குவின் இமபாரி வரை ஆறு சிறு தீவுகளைப் பாலங்களால் தொடுத்துச் செல்லும் ஷிமனாமி கைடோ. 1999-இல் முழுத் தொடர்ச்சி பெற்ற இந்தச் சுமார் 70 கிலோமீட்டர் வழியில், திசை தவறாதிருக்கச் சாலையோரம் நீலக்கோடு ஒன்று தீட்டப்பட்டுள்ளது; எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்புகளையும் மீன்பிடி ஊர்களையும் கடந்து, கப்பல்கள் அடியில் செல்லும் உயரத்திலுள்ள பாலங்களுக்கு மெல்லிய சரிவுகளில் வளைந்து வளைந்து ஏறுகிறது வழி. இங்கே வருவோரில் மிகப் பலர் கடலழகைக் காண வருபவர்களே. இமபாரியில் இறங்கியபின் அந்நகரிலுள்ள ஆறு யாத்திரைக் கோயில்களுக்குச் செல்வோர் சிலரே. இவ்விரு சாராரையும் பிரிப்பது எது?

ஸ்பெயினின் சந்தியாகோ தே கொம்போஸ்தேலா பேராலயம் இதற்கு அளவுகோல் ஒன்றை வைத்திருக்கிறது: யாத்திரைச் சான்றிதழ் பெற, நடப்பவர் குறைந்தது 100 கிலோமீட்டரும் மிதிவண்டியில் வருபவர் 200 கிலோமீட்டரும் கடந்திருக்க வேண்டும், பயணத்தின் நோக்கமும் கேட்டறியப்படுகிறது. தூரத்தை இருமடங்காக்கிச் சக்கரத்தின் சலுகையைச் சமன்செய்யும் இந்தக் கணக்கில் ஒரு வணிகரின் நேர்மை இருக்கிறது என்றே சொல்ல வேண்டும். ஷிகோக்குவிலோ வழிபட்டவரின் ஏட்டில் முத்திரையிடும் கோயிலார், அவர் எதில் வந்தார் என்று கேட்பதில்லை. வரிசைப்படியும் எதிர்வரிசையிலும், ஒரே மூச்சிலும் பல ஆண்டுகளாகப் பகுதி பகுதியாகவும் சுற்றலாம்.

நோக்கத்தைக் கொண்டு பிரிப்பதும் கூக்காயின் சொந்தத் தத்துவத்தின் முன் எளிதில் நிற்காது. தென்னிந்தியாவிலிருந்து 8ஆம் நூற்றாண்டில் சீனம் சென்ற வச்சிரபோதி, அவர் மாணவர் அமோகவச்சிரர், அவர் மாணவர் ஹுய்குவோ என்று இறங்கிவந்த மரபை, 804-இல் சீனம் சென்ற கூக்காய் சாங்கான் நகரில் ஹுய்குவோவிடம் பெற்றார். அம்மரபை விரித்த அவர், பௌத்தர் பலர் பேச்சுக்கும் உருவுக்கும் அப்பாற்பட்டதென்று கருதிய தருமகாயம், அதாவது புத்தரின் இறுதி உண்மை வடிவம், தானே இடைவிடாது போதித்துக்கொண்டிருக்கிறது என்றும், ஓசைகளும் உருவங்களும் அப்போதனையின் எழுத்துகளே என்றும் வாதிட்டார். இதன்படி ஷிமனாமி வழிக் கடலின் அலையும் தீவுகளின் நிழலும் மறைநூலின் பக்கங்களாகும். காட்சிக்காகச் சென்றேன் என்பவரும் அந்த நூலைப் புரட்டியவரே. எனினும் புரட்டுவதும் படிப்பதும் ஒன்றாகிவிடா. பாடத்தைக் கண்டுகொள்ளும் வழியைக் குருவிடம் பெறவேண்டும் என்பதில் ஷிங்கோன் மரபு கண்டிப்பானது.

நீலக்கோடு இங்கே நல்லதோர் எடுத்துக்காட்டைத் தருகிறது. 55ஆம் கோயிலான நான்கோபோ இன்று இமபாரி நகருக்குள் இருக்கிறது. ஆனால் அதன் வேர், வழியிடைத் தீவாகிய ஓமிஷிமாவில் மலைக்கும் கடலுக்கும் உரிய தெய்வத்தை வழிபடும் ஓயாமஸுமி ஆலயத்தோடு பிணைந்தது. கடல் கடப்பது கடினமாக இருந்த காலத்தில் அவ்வாலயத்துக்கு இமபாரியில் ஒரு கிளை எழுந்தது. ஷிந்தோவும் பௌத்தமும் தனித்தனியே இருக்க வேண்டும் என்று மெய்ஜி அரசு 1868-இல் ஆணையிட்ட பின் நான்கோபோ தனிக்கோயிலாயிற்று. மூல ஆலயம் ஓமிஷிமாவின் மேற்குக் கரையில் இருக்க, நீலக்கோடு தீவின் கிழக்கோரமாகவே கடந்துவிடுகிறது. கோட்டை விட்டு விலகிச் சென்று திரும்புவதா என்று தம்பதியர் சாலையோரம் நின்று ஆலோசிக்கும் சில நிமிடங்களில் சுற்றுலாவும் யாத்திரையும் தமக்குள் வழக்காடுகின்றன எனலாம்.

மனிதத் துணை பற்றிய கேள்விக்கு விடை, மிதிவண்டிப் பயணத்தின் அமைப்பிலேயே ஒளிந்திருக்கிறது. நடப்பவர் இருவர் தோளோடு தோள் சேர்ந்து பேசிக்கொண்டே செல்லலாம். குறுகிய வழியில் மிதிவண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகவே செல்ல வேண்டும், பேச்சையும் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். முன்செல்பவர் காற்றை ஏற்றுக்கொள்கிறார். பின்வருபவர் அந்த மறைவில் சற்று எளிதாக மிதிக்கிறார். பின்வருபவருக்கு முன்னவரின் முதுகு தெரிகிறது. அம்முதுகில் யாத்திரை ஆடை இருந்தால் ‘உடன்செல்வோர் இருவர்’ என்பதையே நாள் முழுதும் படித்தபடி வருவார். முன்செல்பவருக்கோ துணை தெரிவதில்லை. அடிக்கடி திரும்பிப் பார்த்தால் வண்டி தடுமாறும். ஆகவே பின்னால் ஆள் வருகிறார் என்ற நம்பிக்கையிலேயே அவர் மிதிக்கிறார், அந்த நம்பிக்கையை ஒட்டியே தம் வேகத்தையும் குறைத்துக்கொள்கிறார். காணாத துணைக்காக நடையை மாற்றிக்கொள்ளும் இந்த ஒழுக்கம், கோலைக் கழுவும் ஒழுக்கத்தோடு ஒரே இனத்தது. ஒருவேளை மரபு ‘இருவர்’ என்ற எண்ணை மாற்றாமல் வைத்திருப்பதன் நியாயம் இதுவாக இருக்கலாம்: எதிரே காணும் துணையை எண்ணத் தேவையில்லை, காணாத துணையைத்தான் எண்ணி நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது.

கோலைப் பற்றிய இன்னொரு வழக்கமும் இங்கே நினைக்கத்தக்கது. எஹிமே மாநிலத்து ஓஸு நகரில், தங்க இடம் கிடைக்காத கூக்காய் ஒரு பாலத்தின் அடியில் படுத்திருந்தார் என்றும், அந்த ஓரிரவு அவருக்குப் பத்து இரவுகளாக நீண்டது என்றும் கதை வழங்குகிறது. அவர் உறக்கம் கலையாதிருக்க, எந்தப் பாலத்தின் மீதும் அடியவர் கோலை ஊன்றுவதில்லை. மிதிவண்டியில் செல்பவர் கையில் கோல் இல்லை. ஆனால் ஷிமனாமி வழியின் இன்னோஷிமா பாலத்தில், கார்கள் ஓடும் தளத்துக்குக் கீழேயே மிதிவண்டிப் பாதை அமைந்திருப்பதால், தலைக்குமேல் போக்குவரத்து அதிர, உறங்குபவருக்கு உரிய இடத்தின் வழியாகவே அவர் செல்ல நேர்கிறது.

டைஷியோடு மனிதத் துணையை ஒப்பிடுவதை எல்லை மீறி நீட்டக்கூடாது என்பாரும் உண்டு. பௌத்தத்தின் பழைய நூல்களுள் ஒன்றான சுத்தநிபாதம், மனைவி மக்களின் பற்றை விட்டுக் காண்டாமிருகத்தின் ஒற்றைக் கொம்புபோல் தனித்துச் செல்லுமாறு துறவியை வற்புறுத்துகிறது. ஆயினும் அறிவுள்ள தோழன் வாய்த்தால் உடன்செல்லலாம் என்று அதுவே விலக்கும் தருகிறது. அந்தத் தோழன் மனைவியாக இருக்கலாமா என்று கேட்க அதற்குத் தோன்றவில்லை. மேலும், டைஷி களைப்பதில்லை, சினப்பதில்லை, ஏற்றத்தில் இறங்கி வண்டியைத் தள்ளுவதில்லை. மனிதத் துணை இவை அனைத்தையும் செய்யும். கண்டிப்பான மரபாளர் இதைக் குறையாகக் காண்பார். காணாத துணையிடம் வைக்கும் நம்பிக்கை பொய்த்தது என்று நிறுவ வழியே இல்லாதபோது, திரும்பிப் பார்த்தால் பொய்த்துவிடக்கூடிய நம்பிக்கையை வைப்பவரே அதிகம் துணிகிறார் என்ற வாதமும் வலுவுடையதே.

மரபு நிறுவனமாக இறுகியபோது மனிதத் துணை பற்றிய கேள்விக்குத் தன் விடையை வேறுவிதமாகச் சொல்லியிருந்தது. 88 கோயில்களையும் முடித்தவர், கூக்காய் இறவாமல் தியானத்தில் அமர்ந்திருப்பதாக நம்பப்படும் கோயா மலைக்குச் சென்று நன்றி கூறுவது வழக்கம். அம்மலைக்குள் பெண்கள் நுழையக்கூடாதென்ற தடை நெடுங்காலம் நிலவியது; அரசு அதை 1872-இல் நீக்கியது. கூக்காயின் தாயும் மலையடிவாரத்து ஜிசோன்-இன் கோயிலிலேயே தங்கினார் என்றும், மகன் மாதத்தில் ஒன்பது முறை இறங்கிவந்து அவரைக் கண்டார் என்றும் மரபுக்கதை சொல்கிறது. மலையின் நுழைவாயில்களில் பெண்கள் தங்கி வழிபடக் கட்டப்பட்ட மண்டபங்களுள் இன்று ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது. தடை இருந்த நாளில் யாத்திரை முடித்து வந்த தம்பதியர், இருவர் தலையிலும் ‘உடன்செல்வோர் இருவர்’ என்ற தொப்பியோடு, அத்தகைய மண்டபம் ஒன்றின் வாசலில் பிரிந்திருப்பர். அவள் அங்கே காத்திருக்க, அவன் மட்டும் மேலே நடந்திருப்பான்.