திறனறிந்து வழிவிடல்

ஒருவனிடத்தே அமைந்த ஆற்றலைக் கண்டறிந்து, அதற்கேற்ற வினையை அவனிடம் ஒப்படைத்தல் ஆள்வோர்க்குரிய நெறியென நம் முன்னோர் வகுத்தனர். திருக்குறளின் பொருட்பாலில் 'தெரிந்துவினையாடல்' என ஓர் அதிகாரமே இதன்பொருட்டு அமைந்துள்ளது. அங்குப் பேசப்படுவது தலைவனுடைய வினைக்கு உகந்தவனைத் தேர்ந்தெடுக்கும் முறையாகும். ஆயின், ஊழியன் ஒருவனிடம் காணப்படும் பேராற்றல் தலைவனுடைய வினைக்குச் சிறிதும் பயன்படாததாயிருப்பின், அத்தலைவனுடைய கடமை யாது? கண்டும் காணாதவன்போல் இருந்துவிடலாமா? ஊதியம் பெறும் நேரத்தில் ஊதியத்துக்குரிய வேலையை மட்டும் செய்க எனக் கட்டளையிடுதல் முறையன்றோ? இவ்வினாவுக்கு ஏடுகளில் விடை தேடுவதினும், சென்னைத் துறைமுக அலுவலகத்தில் ஓர் எழுத்தர் பணிபுரிந்த பதினான்கு மாதங்களைக் கருதிப் பார்ப்பது நலம்.

அவ்வெழுத்தர் கணித மேதை ஸ்ரீநிவாச ராமாநுஜன். 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் தாயின் பிறந்தகத்தில் தோன்றி, கும்பகோணத்தில் சார்ங்கபாணிப் பெருமாள் சந்நிதித் தெருவில் வளர்ந்தவர். கணிதம் நீங்கலாகப் பிற பாடங்களில் உள்ளம் செல்லாமையால், கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரிப் படிப்பு கைகூடவில்லை, எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. பட்டமும் வேலையும் இன்றி, குறிப்பேடுகளைச் சுமந்துகொண்டு அவர் ஏறி இறங்கிய வாசற்படிகள் பல. 1907இல் இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய வி. ராமசாமி ஐயர் திருக்கோவலூரில் துணைக் கலெக்டராயிருந்தபோது, அவரிடம் சென்று தாலுகா அலுவலகத்தில் ஒரு சிறு வேலை கேட்டார். குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்த அப்பெரியவர் அவ்வேலையைக் கொடுக்க மறுத்துவிட்டார். இத்தகைய மேதையை வருவாய்த்துறையின் கடைசிப் படியில் உட்கார்த்தி மழுங்கடிக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. அறிமுகக் கடிதங்களோடு சென்னைக்கு அனுப்பினார். பசித்து வந்தவனுக்கு வேலை தர மறுத்ததும் ஒருவகைக் கருணை என்பது கேட்பதற்கு விந்தையே. அக்கடிதங்கள் பயன் தராமற் போயிருப்பின் அதைக் கருணை என்று எவரும் கூறியிருக்க மாட்டார்.

பின்னர் நெல்லூர்க் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். உழையாமல் பிறர் பொருளில் நெடுநாள் வாழ ராமாநுஜன் விரும்பவில்லை. அங்ஙனமே 1912ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், மாதம் 30 ரூபாய் சம்பளத்தில், சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராக அமர்ந்தார்.

அங்கே அவருக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் எஸ். நாராயண ஐயர். இவர் தாமே கணிதம் கற்றவர். கணிதச் சங்கத்தோடு தொடர்பு கொண்டவர். மாலை வேளைகளில் திருவல்லிக்கேணியில் நாராயண ஐயரின் இல்லத்து மாடியில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டுப் பலகையோடு அமர்ந்து இரவு நெடுநேரம் கணக்குப் போடுவர். காகிதம் வாங்க வசதியின்மையால் ராமாநுஜன் சிலேட்டிலேயே எழுதி, முழங்கையாலேயே துடைத்துவிட்டு, முடிவை மட்டும் ஏட்டில் பதிவது வழக்கம். பத்துப் படிகளில் விளக்க வேண்டியதை இரண்டே படிகளில் அவர் தாண்டிச் செல்லும்போதெல்லாம், தமக்கே விளங்காத ஒன்று பிறருக்கு எப்படி விளங்கும் என்று கூறி, இடைப்பட்ட படிகளையும் எழுதும்படி நாராயண ஐயர் வற்புறுத்துவாராம். திறமையை வளர்ப்பது என்பதை ஊக்கமொழி கூறித் தட்டிக்கொடுப்பதாகவே பலர் கருதுகின்றனர். மேலதிகாரியாயிருந்தும், 'எனக்கு விளங்கவில்லை' என்று எழுத்தனிடம் கூச்சமின்றிச் சொன்ன அம்மொழியே பெரிய உதவியாயிற்று. புகழ்வது எளிது, உடன் அமர்ந்து புரிந்துகொள்ள முயல்வது கடினம்.

கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியாளர். ராமாநுஜனின் கணிதத்தை எடைபோடும் வல்லமை தமக்கு உண்டென்று அவர் எண்ணியதாகத் தெரியவில்லை. ஆயினும் நாராயண ஐயரின் மதிப்பீட்டை நம்பினார். தம் செல்வாக்கை அந்நம்பிக்கையின்மேல் செலவிட்டார். தாம் நேரே காணவியலாத ஒன்றைக் காணவல்லார் கண்வழியே காண்பதும் தலைமைக்குரிய குணமே.

ஈண்டு ஒரு தடை எழுப்பப்படலாம். துறைமுகத்தின் பணம் பொதுப்பணம். எழுத்தனின் நேரம் அப்பணத்தால் வாங்கப்பட்டது. அலுவல் முடிந்து மிஞ்சிய பொழுதில் அவன் கணிதம் போட அதிகாரி கண்மூடியிருந்தது நேர்மையா? இத்தடையை எளிதில் தள்ளிவிட இயலாது. ஒருவனுக்குக் காட்டும் சலுகையைப் பக்கத்து மேசையிலிருப்பவன் கேட்டால் என்ன விடை சொல்வது? ஆயினும் நடந்ததைக் கூர்ந்து நோக்கின் ஒன்று புலனாகும். நாராயண ஐயரும் ஸ்பிரிங்கும் அச்சலுகையை நிலைத்த ஏற்பாடாக வைத்திருக்க முயலவில்லை. இவ்வாற்றலுக்கு உரிய இடம் இதுவன்று என அறிந்த நாள்முதல், அவரை இவ்விடத்தினின்று வெளியேற்றவே முயன்றனர். தடைக்குரிய விடை இதில்தான் அடங்கியிருக்கிறது. பயன்படாத திறமையைத் தன்னிடமே முடக்கி வைத்திருப்பவன் பொதுப்பணத்துக்கும் தீங்கு செய்கிறான், திறமைக்கும் தீங்கு செய்கிறான்.

வைணவ குருபரம்பரை இதற்கு இருவகை ஆசிரியரை முன்னிறுத்துகிறது. இம்மேதை பெயரைத் தாங்கிய ஆசாரியர் எம்பெருமானார் இளமையில் யாதவப்பிரகாசரிடம் பயின்றார். மாணாக்கன் தம்மை விஞ்சுவதைக் கண்ட ஆசிரியர்க்கு உவகை பிறக்கவில்லை. காசி யாத்திரையில் அவரைத் தொலைத்துவிடும் எண்ணமே பிறந்தது என்பர். அதே மாணாக்கரைக் காஞ்சியில் தொலைவில் நின்று கண்ட ஆளவந்தாரோ, அருகழைத்துப் பேசவும் முற்படாமல், இவரைத் தந்தருள வேண்டுமெனப் பேரருளாளனிடம் வேண்டிக்கொண்டு திருவரங்கம் மீண்டார். கண்ட திறமை ஒன்றுதான். ஒருவர் அதைத் தமக்குப் போட்டியாகக் கண்டார். மற்றவர் தமக்குப் பின்னும் நடக்கவேண்டிய காரியத்தின் துணையாகக் கண்டார்.

துறைமுக அலுவலகத்துக்கு மீள்வோம். லண்டனிலிருந்த பேராசிரியர் ஹில் அவர்களுக்கு இங்கிருந்து விவரம் எழுதப்பட்டது. அவர் திறமையை ஒப்புக்கொண்டு, குறைகளைச் சுட்டி, படிக்கவேண்டிய நூலையும் குறித்தனுப்பினார், மாணாக்கராக ஏற்கவில்லை. கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் ஆகிய இருவர்க்கும் எழுதியதில் பயன் விளையவில்லை. 1913 ஜனவரி 16ஆம் நாள் ஹார்டிக்கு எழுதிய மடல்தான் திருவினையாக்கிற்று. (அதில் தம் வயது ஏறத்தாழ 23 என ராமாநுஜன் எழுதினார், உண்மையில் 25 நிரம்பியிருந்தது.) அடுத்த மாதமே, வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுக அலுவலகத்துக்கு வந்தபோது, ராமாநுஜனின் ஏடுகள் அவர் பார்வைக்கு வைக்கப்பட்டன. அவர் பரிந்துரைத்தார். பட்டம் பெறாதவர்க்கு ஆராய்ச்சி உதவித்தொகை வழங்க விதியில்லை என்ற தடையைச் சென்னைப் பல்கலைக்கழகம் ஒதுக்கிவைத்து, 1913 மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் வழங்கியது. எழுத்தர் பணி அத்தோடு முடிந்தது. தேறாத தேர்வுகளையே அளவுகோலாகக் கொண்டு ஒதுக்கிய கல்வி அமைப்பு, தன் அளவுகோலின் குறையைத் தானே ஒருமுறை ஒப்புக்கொண்ட அரிய நிகழ்ச்சி அது.

கடல் கடத்தல் ஆசாரத்துக்கு விரோதம் என்ற தயக்கம் எஞ்சியது. நாமக்கல் நாமகிரித் தாயார் சந்நிதியில் உத்தரவு கிடைத்த பின்னரே அது நீங்கியதாகக் கூறுவர். 1914 மார்ச் 17ஆம் நாள் அவர் கப்பலேறினார்.

ஹார்டியின் முன் வேறொரு சிக்கல் நின்றது. முறையான நிரூபண நெறியைக் கற்பிக்க வேண்டும். கற்பிக்கும்போது ஊற்றுக்கண் அடைபட்டுவிடவும் கூடாது. முழுதும் திருத்த முற்படாமல், இன்றியமையாதவற்றை மட்டும் ஊட்டி, எஞ்சியதை அவர் போக்கிலேயே விட்டார். 1918இல் ராயல் சொஸைட்டியும் டிரினிட்டி கல்லூரியும் ராமாநுஜனை உறுப்பினராக ஏற்றன. கணிதத்தைப் பேணுவதில் ஹார்டி சிறிதும் குறை வைக்கவில்லை. ஆனால் போர்க்காலத்துக் குளிரில், மரக்கறி உணவு அரிதான நாட்டில், தனியே சமைத்துண்டு, நேரங்கெட்டு உழைத்த உடல் எந்நிலையில் இருக்கிறதென்பதை அங்கே எவரும் உரிய காலத்தில் கவனித்ததாகத் தெரியவில்லை. 1917இல் நோய் பற்றியது. 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில், 32 வயதில் மறைந்தார். திறமையைக் கண்டவர் திறமையுடைய மனிதனையும் காண வேண்டும் என்ற பொறுப்பு அங்கே யாருடையது? ஹார்டியைக் குற்றவாளியாக்குதல் நன்றியின்மை. எனினும் திருவல்லிக்கேணி மாடியில் அமர்ந்திருந்தவர்க்கு, எதிரில் இருப்பவர் அன்று உண்டாரா என்பதும் தெரிந்திருக்கும்.

நாராயண ஐயர் உலகப் புகழ் பெற்றவரல்லர். அவருடைய பெயர் ராமாநுஜனின் வரலாற்றில் சில பக்கங்களில் வந்து மறைகிறது. கப்பலேறுமுன் அவர் ராமாநுஜனிடம் ஒன்றே ஒன்று கேட்டதாகச் சொல்லப்படுகிறது: இருவரும் சிலேட்டுப் பலகைகளை மாற்றிக்கொள்ள வேண்டும். நண்பர் இல்லாத நாட்களில் அப்பலகையில் கணக்குப் போட்டால் தமக்கும் ஏதேனும் தோன்றாதா என்பது அவருடைய எண்ணம். பலகைகள் கைமாறின.