நீங்களும் கேளுங்கள்

நேர்காணல் முடியும்போது, "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். "ஒன்றுமில்லை சார்" என்று எழுந்துவிடாதீர்கள்.

இந்த இடம் புதியதா, முன்பு இருந்தவர் விலகியதால் காலியானதா? முதல் ஆறு மாதத்தில் எதைச் செய்தால் நல்ல வேலை என்பீர்கள்? யாரிடம் தொழில் கற்பேன்? இதற்கெல்லாம் வரும் பதிலில் நிறுவனத்தின் குணம் தெரிந்துவிடும்.

பணி ஆணை கைக்கு வந்ததும், கையெழுத்துப் போடுமுன் இன்னும் சில கேளுங்கள். இத்தனை காலம் விலகக் கூடாது என்ற பாண்ட் உண்டா? அசல் சான்றிதழ்களை வாங்கி வைப்பீர்களா? பி.எஃப். பிடித்தம் எவ்வளவு? வேலையை விடுவதென்றால் எத்தனை நாள் முன்னறிவிப்பு?

பணிவாகக் கேட்கும் கேள்வி யாரையும் அவமதிப்பதில்லை. உழைப்பில் செலவாகப்போவது உங்கள் வாழ்நாள். அதை எங்கே கொடுக்கிறோம் என்று விசாரிப்பது உங்கள் உரிமை.