குருவின் முன் வாய் திறப்பது

ஆசிரியர் மேல் புகார் சொல்வது குருத் துரோகமா? மருத்துவக் கல்லூரிகளில் யாரும் இதை வாய்விட்டுக் கேட்பதில்லை. துரோகம்தான் என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டு பல மாணவர்கள் படிப்பை முடித்துவிடுகிறார்கள். நோயாளிகள் முன்னால் திட்டு வாங்கினாலும், ஓய்வே இல்லாமல் டியூட்டி போட்டாலும் பொறுத்துப் போவதுதான் பணிவு என்று சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் பாகுபாட்டுக்கு ஆளாவதாகப் புகார் எழுந்து, 2006இல் மத்திய அரசு சுகதேவ் தோரட் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. வகுப்பறை, தேர்வு, விடுதி என்று எங்கும் பாகுபாடு இருப்பதாக 2007இல் அந்தக் குழு அறிக்கை தந்தது. விடுதியில் தொல்லை தாங்காமல் அந்த மாணவர்கள் சில மாடிகளில் தனியாக ஒதுங்கி வாழ்ந்ததும் அதில் பதிவாகியிருக்கிறது. இவ்வளவையும் வெளியே கொண்டுவர ஓர் அரசுக் குழு ஏன் தேவைப்பட்டது? புகாருக்கு ஆளாகக்கூடியவரே வைவாவில் கேள்வி கேட்கிறார், ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுகிறார். அந்தக் கையெழுத்து இல்லாமல் முதுநிலை மாணவர் தேர்வு எழுத முடியாது. இந்த நிலையில் வாய் மூடியிருப்பதைக் குருபக்தி என்று சொல்வது அச்சத்துக்குப் பூமாலை போடுவதாகும்.

நம் மரபு சீடரிடம் மௌனத்தை மட்டுமே கேட்டது என்பதும் சரியில்லை. வைணவ குருபரம்பரைக் கதைகளில் இளம் ராமானுஜர் ஆசிரியர் யாதவப்பிரகாசருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறார். உபநிடத வாக்கியம் ஒன்றுக்கு ஆசிரியர் தவறாகப் பொருள் சொல்லக் கேட்டு, சீடரின் கண்ணீர் சூடாக அவர் தொடையில் விழுகிறது. ஏன் அழுகிறாய் என்று கேட்டபோது சீடர் தன் மறுப்பை மறைக்கவில்லை. மாணவனைத் தீர்த்துக்கட்டவே பிறகு ஆசிரியர் திட்டமிட்டார் என்றும், கடைசியில் அவரே ராமானுஜருக்குச் சீடரானார் என்றும் கதை போகிறது. மறுத்துப் பேசியவரை மரபு ஆச்சாரியராகக் கொண்டாடுகிறது. பேசியதற்கு அவர் உயிரையே விலையாகக் கொடுக்க நேர்ந்திருக்கும் என்பதையும் அது மறைக்கவில்லை. எல்லா மாணவரும் ராமானுஜராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். 'தைரியமாகப் புகார் கொடுங்கள்' என்று சுவரொட்டி ஒட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் நிர்வாகம், தான் சுமக்க வேண்டியதை இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றுகிறது.

ஆபரேஷன் தியேட்டரில் ஆளுக்கு ஆள் கேள்வி கேட்டால் கட்டுப்பாடு குலைந்து நோயாளிக்குத்தானே ஆபத்து என்பார்கள். இது புறந்தள்ளக்கூடிய வாதம் அல்ல. ஆனால் சான்று வேறு திசையைக் காட்டுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவைசிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியல் உலகின் எட்டு நகரங்களில் சோதிக்கப்பட்டது. புதுடெல்லியும் அவற்றில் ஒன்று. கத்தி வைப்பதற்கு முன் குழுவில் இருப்பவர்கள் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும், கவலை இருந்தால் அப்போதே பேச வேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. மரண விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. பேச்சு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் பேச இடம் கொடுத்ததால் கட்டுப்பாடு குலையவில்லை என்பது தெளிவு. திட்டுக்கு அஞ்சி வாயடைத்துப் பழகிய மாணவர், தவறான மருந்தளவைக் கண்டாலும் சொல்லத் தயங்குவார்.

பொய்ப் புகார் வந்தால் என்ன செய்வது? பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டம் இதற்கு விடை வைத்திருக்கிறது. தீய நோக்கத்தோடு பொய்ப் புகார் கொடுத்தவர் மீது நடவடிக்கை உண்டு. புகாரை நிரூபிக்க முடியாமல் போனதற்காக மட்டும் நடவடிக்கை கூடாது. அதன் விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது: விசாரணை நடக்கும்போது, புகார் கொடுத்த பெண்ணின் படிப்பை, குற்றம் சாட்டப்பட்டவர் மேற்பார்வையிடாமல் தடுக்கலாம். சாதி இழிவு, வசைச்சொல், ஓய்வில்லாத டியூட்டி என எந்தப் புகாருக்கும், ஆண் பெண் பேதமில்லாமல் இதே பாதுகாப்பு வேண்டும். புகார் வந்த நாளிலேயே அந்த மாணவரின் வைவாவையும் ஆய்வேட்டையும் வேறு துறை ஆசிரியரிடம் ஒப்படைக்க மருத்துவக் கல்லூரி முதல்வர்கள் உத்தரவிட வேண்டும். மாணவரைப் பேசச் சொல்லும் தகுதி அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு வரும்.